பின்கட்டில் பட்டாம்பூச்சி படமெடுக்க எந்த லென்ஸ்? (வட சென்னை)

கேள்வி. 6 ஜூலை 2024

கொருக்குப்பேட்டையில் வீடு. பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி மண்தரை கிடக்கு. நர்சரியில் போய் இட்லிப்பூ, செம்பருத்தி, இன்னும் பேர் தெரியாத நாலு பூச்செடி வாங்கி வச்சேன். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு. வாரம் ஒருமுறை மருந்து அடிக்கிறேன், இலை எல்லாம் பளபளன்னு இருக்கு. மூணு மாசம் ஆகியும் ஒரு பட்டாம்பூச்சி நின்னு உட்காரல. நாப்பதாயிரத்துக்குள்ள மேக்ரோ லென்ஸ் பார்க்கிறேன். எது வாங்கலாம்? அதோட, வட சென்னையில இதெல்லாம் இன்னும் இருக்கா, இல்ல புகையில போயே போச்சா?

6 ஜூலை, இரவு 11.40

லென்ஸ் அப்புறம். முதலில் அந்த நாற்பதாயிரத்தை பீரோவில் வை தம்பி.

உன் கேள்வியிலேயே பதில் இருக்கு. இலை பளபளன்னு இருக்கு என்கிறாய். அதுதான் கோளாறு. இலையில் ஓட்டை விழாத தோட்டத்தில் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை? இட்லிப்பூவுக்கு வராமல் இல்லை. வரும், தேன் குடிக்கும், போய்விடும், ஓட்டலுக்கு வந்துபோகிற மாதிரி. முட்டை வைக்க வருகிறவள் அப்படிப் போகமாட்டாள். இலை இலையாக உட்கார்ந்து, முன்காலால் தட்டித் தட்டி ருசி பார்ப்பாள். போய்விட்டாள் என்று நீ எழுந்தால் திரும்ப வருவாள். படமெடுக்கிறவனுக்கு அவள்தான் வேண்டும். அவளுக்கு வேண்டியது பூ இல்லை, அவள் பிள்ளை தின்கிற இலை.

நமக்குத் திருவொற்றியூர். ரயில் பாதைக்குக் கிழக்கே, கடற்கரைக்கு நடந்தே போகலாம். பின்கட்டு உன்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிசு. நான் தோட்டம் என்று ஒன்றும் போடவில்லை. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் எங்கள் மதில் மேல் சாய்ந்தது. மரத்தை அறுத்து எடுத்துப் போனபிறகு, இருபது வருஷம் வெயிலே பார்க்காத இடத்தில் வெயில் விழுந்தது. இடிந்த மதிலின் கல்லும் மணலும் கிடந்த இடத்தில் அடுத்த வருஷமே எருக்கு முளைத்தது. கூடவே துத்தி, நாயுருவி, குப்பைமேனி. வெட்டச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான். அந்தச் சோம்பலுக்குத்தான் இப்போது இங்கே "தோட்டக்காரர்" என்று பட்டம் கொடுத்திருக்கிறீர்கள்.

மாதிரிக்கு ஒன்று போட்டிருக்கிறேன். கொடிக்கம்பியில் தேன்சிட்டுக் கூடு, 2021. இதுவரை எடுத்ததில் நன்றாக வந்தது இதுதான்.

7 ஜூலை, காலை

மருந்தை நிறுத்து. நேற்று அதைச் சொல்ல மறந்தேன், எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் சொல்லியிருக்கணும்.

7 ஜூலை, மாலை

என்ன செடி என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். என் பின்கட்டில் எது நடந்ததோ அதை மட்டும் சொல்கிறேன்.

எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். இதற்கு உத்தரவாதம் தரலாம். ஆவாரை வைத்தால் வெள்ளையும் இளமஞ்சளுமாக எமிகிரன்ட் வரும். கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் கறிவேப்பிலை அழகி வரும், இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒரு புழு உட்கார்ந்திருக்கும், வீட்டில் உள்ளவர்கள் அதை எடுத்துப் போடாமல் இருக்கணும். ஆடுதீண்டாப்பாளை கிடைத்தால் விடாதே, ரோஜா அழகிகளுக்கு (காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ்) அதுதான். தரையில் பொடுதலை படர்ந்தால் பான்ஸி வகைகள் வரும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் அடம்பு தானாகவே ஏறி வரும். நெய்தல் பாட்டில் வருகிற அதே அடும்புதான். அதன் ஊதாப்பூவுக்குள் காலையில் ஒரு தேனீ மகரந்தத்தில் புரண்டுவிட்டு வெளியே வரும்போது மாவு மில்லில் வேலை பார்க்கிறவன் மாதிரி இருக்கும்.

சிறுபூனைக்காலிக் கொடியையும் விட்டுவை. நம்மூர்ச் செடி, வேலியில் கிடக்கும். டானி காஸ்டர் பட்டாம்பூச்சி அதில் குடும்பமே நடத்தும்.

இதில் எதுவும் நர்சரியில் விற்பனைக்கு இருக்காது. ரயில் பாதையோரம் போய்ப் பார்.

9 ஜூலை

லென்ஸ் பற்றிச் சொல்லாமல் விடமாட்டீர்கள் போல.

என்னுடையது பழைய 50 எம்எம் லென்ஸ். பிலிம் கேமரா காலத்தது, வெளிச்சம் நுழைகிற துளையைத் திருகிக் குறைக்கிற வளையம் லென்ஸிலேயே இருக்கும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ரிவர்ஸ் ரிங் கிடைக்கிறது. அதைப் போட்டு லென்ஸைத் தலைகீழாக மாட்டினால் தீப்பெட்டியின் குறுக்களவு சட்டகம் முழுக்க வரும். அதற்கு மேல் என்ன வேண்டும்? பெரும்பாலான புதிய லென்ஸ்களில் துளை வளையம் கிடையாது, திருப்பி மாட்டினால் துளையைக் கட்டுப்படுத்த முடியாமல் திண்டாடுவாய். அதனால் பழையதுதான் தோது.

கஷ்டமும் உண்டு. பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மூணு நாலு விரக்கடைதான் இருக்கும். துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர். கண் விழுந்தால் மீசை விழாது. போகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை, தலையை முன்னும் பின்னும் ஆட்டித்தான் போகஸ் பண்ணணும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு சாமி வந்த மாதிரி தெரியும்.

பிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தயிர் டப்பாவை வெட்டி மாட்டியிருக்கிறேன். வெளிச்சம் பஞ்சு மாதிரி விழும். பிளாஷ் போடும்போது ஷட்டர் வேகம் நொடியில் 200-ல் ஒரு பங்குக்கு மேல் போகாதே, பெரும்பாலான கேமராவில் படத்தில் கறுப்புப் பட்டை விழும்.

நேரம்: எட்டு மணிக்குள் முடித்துக்கொள். வெயில் காலத்தில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று திரும்பிவிடும், நம் ஏரியாவில் அதற்குப் பிறகு எந்த இலையும் ஒரு நொடி நிற்காது. காலையில் பூச்சிக்கு உடம்பு சூடாகியிருக்காது, சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

13 ஜூலை

திருத்தம். 7-ம் தேதி சிறுபூனைக்காலியை நம்மூர்ச் செடி என்று எழுதினேன். மாதவரத்துக்காரர் ஒருவர் தனிச்செய்தியில் தலையில் குட்டினார். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பிறந்ததிலிருந்து வேலியில் பார்க்கிறோமே என்று நானாக நினைத்துக்கொண்டது.

டானி காஸ்டரின் உண்மையான நம்மூர்ச் சாப்பாடு ஓரிதழ் தாமரை. ஊதா நிறத்தில் ஒரே ஒரு இதழ் மட்டும் நாக்கை நீட்டின மாதிரி பூக்கும், ஒரு சாண் உயரச் செடி. நாட்டு மருந்துக் கடையில் பொடியாகத் தெரியும், செடியாகத்தான் நமக்குத் தெரியவில்லை. என் பின்கட்டில் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

பூனைக்காலியைப் பிடுங்கணுமா என்றால், நான் பிடுங்கவில்லை. இப்போது அதில் பதினோரு புழு இருக்கு. அதுகளை எங்கே அனுப்ப? உண்ணிச்செடியை மட்டும் வைக்காதீர்கள், பட்டாம்பூச்சி மொய்க்குமே என்று ஆசையாக இருக்கும். அதுவும் வெளியூர்க்காரன்தான், விட்டால் மற்ற எதையும் எழும்ப விடாது.

21 ஜூலை

எல்லாரும் படிக்கணும், அதனால் தனியாக எழுதுகிறேன்.

எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. வெந்தய வரியன் புழு தின்கிற படத்துக்காக இலையை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்திருந்தேன். காம்பு கிள்ளிவிட்டது போல, பால் விரலில் ஒட்டியிருந்திருக்கிறது. வ்யூஃபைண்டரில் வியர்வை படிந்ததும் அதே விரலால் கண்ணைத் துடைத்தேன். உடனே வலிக்கவே இல்லை, அதுதான் ஏமாற்றுகிறது. மத்தியானத்துக்குள் எதைப் பார்த்தாலும் ஆவி பிடித்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கண் டாக்டர் கருவிழியைப் பார்த்துவிட்டு, "எருக்கஞ்செடிகிட்ட உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். படமெடுக்க என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

சொட்டு மருந்து, பத்து நாள். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள், என்னை மாதிரி மத்தியானம் வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

இதில் ஒன்று கவனித்தேன். எனக்கு இந்தக் கதி, ஆனால் அந்தப் புழு அதே இலையைச் சாவகாசமாகத் தின்கிறது. எப்படி என்று அடுத்த வாரம் முழுக்கப் பார்த்தேன். நேராக வாய் வைக்காது. முதலில் நரம்பைக் கடித்து அறுக்கும். பால் அந்த வெட்டில் வடிந்துவிடும். அறுத்த இடத்துக்கு அப்பால், பால் வற்றின பக்கத்தைத்தான் தின்னும். குழாயை மூடிவிட்டு வேலை பார்க்கிற பிளம்பர் கணக்கு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட உடம்பு, மேலே மூணு ஜோடிக் கறுப்புக் கொம்பு. வெட்டில் பால் முத்து மாதிரி திரண்டு நிற்கிற படம் ஒன்று வந்திருக்கு. ஒற்றைக் கண்ணால் எடுத்தது.

4 ஆகஸ்ட்

இன்று காலை கிரிம்சன் ரோஸ்! கறுப்புச் சிறகு, வெள்ளைப் பட்டை, கீழ்ச் சிறகில் சிவப்புப் பொட்டுகள். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவை. படம் கீழே.

4 ஆகஸ்ட், இரவு

பெரம்பூர்க்காரர் கேட்கிறார்: "உடம்பு என்ன கலர்?"

5 ஆகஸ்ட்

உடம்பு கறுப்பு.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ரோஜா அழகிகளுக்கு உடம்பே சிவப்பாக இருக்கும். இது கறிவேப்பிலை அழகியின் பெண், வேஷம் கட்டியிருக்கிறாள். ரோஜா அழகிகள் ஆடுதீண்டாப்பாளையின் நஞ்சைத் தின்று வளர்வதால் ஒருமுறை கடித்த பறவை மறுபடி தொடாது. இவள் கறிவேப்பிலை தின்று வளர்ந்தவள், நஞ்சு கிடையாது, உடை மட்டும் கடன். பெண்களில் மூணு தினுசு உண்டு: ஒன்று ஆண் மாதிரியே இருக்கும், ஒன்று காமன் ரோஸ் வேஷம், ஒன்று கிரிம்சன் ரோஸ் வேஷம். சிறகுக்குச் சாயம் பூசியவள் உடம்புக்குப் பூச மறந்துவிட்டாள். நான் சிறகை மட்டுமே பார்த்து ஏமாந்தேன், பறவைக்கும் எனக்கும் ஒரே புத்தி.

கறிவேப்பிலையைச் சுற்றுகிறாளே என்பதிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். எந்தச் செடியில் எடுத்தோம் என்று குறித்து வைக்காத படத்துக்குப் பாதி மதிப்புத்தான். இனிமேல் படத்தோடு செடி பெயரும் எழுதப்போகிறேன்.

இன்னொரு யோசனை. எருக்குப் பக்கத்தில் எடுத்த பழைய "வெந்தய வரியன்" படங்களையும் மறுபடி பார்க்கணும். டானெய்ட் எக்பிளை என்று இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண் அச்சாக அதே மாதிரி இருக்கும்.

6 ஆகஸ்ட்

பார்த்தேன். நாற்பத்திரண்டில் மூணு எக்பிளை. வெந்தய வரியனுக்குக் கீழ்ச் சிறகின் நடுவில் கறுப்புப் புள்ளிகள் மூணு நாலு இருக்கும், எக்பிளைக்கு மேல் விளிம்பில் ஒரே ஒரு கறை. தூக்கம் போச்சு.

7 செப்டம்பர், விநாயகர் சதுர்த்தி

எருக்கு முளைத்த நாளிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு நல்ல பேர் கிடையாது. "எருக்கு மொளைச்ச வூடு வெளங்காதுபா, மொதல்ல அத்த வெட்டிப் போடு" என்று எதிர்வீட்டு அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பார். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கதை மாறும். இன்று காலை ஐந்தரைக்கே கதவைத் தட்டினார், கையில் கூடை. பின்னால் இன்னும் ஆறு வீடு. கடையில் சின்ன எருக்கமாலைக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே பறித்தார்கள். இலையைக் கிள்ளாதீர்கள், பூ மட்டும் என்று நானும் கத்திக்கொண்டே நின்றேன்.

ஏழு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு கூச்சல். மாலையோடு புழு போய்விட்டது. பிள்ளையார் தோளில் ஏறி, தும்பிக்கைப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. நான் போய் அதைத் தட்டில் வாங்கிக்கொள்ளும் முன்னால் ஒரு படம் எடுத்தேன். களிமண் பிள்ளையார், எருக்கமாலை, பட்டை போட்ட புழு. அந்த வீட்டுப் பேரன் இன்று முழுக்க என் பின்கட்டில்தான் இருந்தான். பாட்டி இனிமேல் வெட்டச் சொல்வாரா என்று பார்க்கலாம்.

15 செப்டம்பர்

பிள்ளையார் புழு கூட்டுப்புழு ஆகிவிட்டது. பச்சை நிறம், தங்கப் பொட்டு, இலைக்கு அடியில் தொங்குகிறது. பேரன் "கம்மல்" என்று பெயர் வைத்திருக்கிறான். பட்டாம்பூச்சி வெளியே வருகிற நிமிஷத்தைப் படமெடுக்கணும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. வருவதற்கு முந்தைய நாள் கூடு கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே சிறகு தெரியும் என்பதால், தினமும் காலை நாலரைக்கு டார்ச்சோடு போய்ப் பார்க்கிறேன். மணலி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அந்த நேரம் புதுசில்லை.

22 செப்டம்பர்

கண்ணாடி ஆகவில்லை. பழுப்புக் கறை விழுந்தது. இன்று காலை கூட்டிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு கம்பி தொங்கியது. அந்தக் கம்பியில் இறங்கி மண்ணில் விழுந்தது பட்டாம்பூச்சி இல்லை, ஈயின் புழு. அரிசி அளவு. பின்னால் இன்னும் இரண்டு.

டாக்கினிட் ஈ. புழு உயிரோடு இலை தின்றுகொண்டிருந்தபோதே உள்ளே போயிருக்கிறது. நாம் பிள்ளையார் தோளில் பார்த்தபோதும் உள்ளேதான் இருந்திருக்கும்.

பேரனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அவனே குனிந்து மண்ணைப் பார்த்துவிட்டு, "இது என்னா ஆவும்?" என்றான். ஈ ஆகும் என்றேன். "அப்ப அதயும் போட்டோ எடு." எடுத்தேன். அடுத்த தடவை வலைக்குள் வைத்து வளர்க்கலாமா என்று யாரோ கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதல் யோசனையும் அதுதான். இரண்டாவது யோசனை: அப்படியானால் ஈக்கு யார் தோட்டம் போடுவார்கள்?

29 செப்டம்பர்

முதல் நாள் போட்ட தேன்சிட்டுக் கூட்டுப் படத்தை எடுத்துவிட்டேன். ஏன் காணோம் என்று கேட்கிறார்கள்.

2021 ஏப்ரல். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, துணி காயப்போடுகிற கம்பியின் மூலையில், முல்லைக்கொடி சுற்றியிருந்த இடத்தில் கூடு கட்டியது. சிலந்தி நூலை வாயில் இழுத்து வந்து சுற்றுகிறதை அடுப்படி ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். வீட்டம்மா அந்தக் கம்பியில் துணி போடுவதையே நிறுத்தினாள். பெண் உள்ளே உட்கார்ந்தால் வாசலில் அலகு மட்டும் தெரியும். எனக்கு முகம் வேண்டும். முன்னால் மூணு முல்லை இலை மறைத்தது. கத்தரியை எடுத்தேன். "கைய வெக்காதீங்க" என்றாள். மூணே மூணு இலை என்றேன். வெட்டினேன், படம் பிரமாதமாக வந்தது, இங்கே எல்லாரும் பாராட்டினீர்கள்.

அடுத்த நாள் காலை காக்கை வந்தது. மூணு இலை மறைத்தது என்னை இல்லை, காக்கையை. கூடு கிழிந்து தொங்கியது. மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் புழுக்கை, சிலந்தி நூல், எல்லாம் கம்பிக்கு அடியில் உதிர்ந்து கிடந்தது. முட்டை ஓடு ஒரு துண்டு, என் சுண்டுவிரல் நகம் அளவு.

அந்தப் படத்தை மூணு வருஷமாக "நன்றாக வந்தது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். பூச்சியை வலைக்குள் வளர்ப்பது சரியா தப்பா என்று போன வாரம் பெரிய மனுஷன் மாதிரி எழுதினேனே, எழுதிவிட்டுப் படுத்தால் இதுதான் ஞாபகம் வந்தது.

30 செப்டம்பர்

கூட்டைப் படமெடுக்கவே கூடாதா என்றால், என்னைக் கேட்காதீர்கள். நான் விட்டுவிட்டேன். காக்கைக்கு நாம் எங்கே குனிகிறோம் என்று தெரியும், எனக்கு அது மட்டும் தெரியும்.

12 அக்டோபர்

பேச்சு மாற்றுவோம். தட்டான் தாழப் பறக்கிறது, மழை வரப்போகிறது என்று எங்கள் அம்மா. மொட்டை மாடியில் நூற்றுக்கணக்கில் மஞ்சள் தட்டான். வாண்டரிங் கிளைடர். இதன் கூட்டம் இங்கிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் 2009-ல் எழுதினார். உட்காரவே உட்காராது, பறக்கும்போது எடுக்கணும். இன்று 310 படம், ஒன்று தேறியது, அதுவும் பின்பக்கம்.

17 அக்டோபர்

15-ம் தேதி மழையில் பின்கட்டு முழங்கால் தண்ணீர். பாதி அடம்பு மணலுக்கு அடியில். எருக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு எதுவும் ஆகாது.

27 அக்டோபர்

தட்டானுக்காக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் கொஞ்சம் பாசியும் வைத்திருந்தேன். கொசு ஒழிப்புக்கு வருகிற அக்கா வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னா சார், படிச்சவரு, தொட்டில தண்ணி வச்சிக்கினு கீறீங்க?" என்று கவிழ்க்கப் போனார். தட்டான் பிள்ளை கொசுப் புழுவைத் தின்றுவிடும் அக்கா என்று பாடம் எடுத்தேன். அவர் ஒரு கரண்டித் தண்ணீரை வெள்ளை மூடியில் ஊற்றி என் முன்னால் நீட்டினார். கொசுப் புழு நெளிந்தது. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

அவர் சொன்னது சரி. தட்டான் பிள்ளை இன்னும் கடுகளவு, கொசு முந்திக்கொண்டது. டெங்கு வருகிற காலத்தில் நான் வாதாடியது அபத்தம். சமரசம்: கொசுவுக்காக விடுகிற கப்பி, கம்பூசியா மீன்களைப் போட்டால் தட்டான் பிள்ளையையும் தவளைக் குஞ்சையும் சேர்த்து முழுங்கும். அதனால் கொளத்தூர் மீன் கடைகளில் அலைந்து, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த நம்மூர்க் குட்டிமீன் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார், "அது வாய்க்கால்ல கிடைக்குமே சார், அதப் போய் விப்பாங்களா?" இரண்டு நாள் கழித்து அவரே ஒரு கவரில் ஐந்து கொண்டுவந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதுவும் சின்னத் தட்டானைத் தின்னத்தான் செய்யும். பாசி நிறைய விட்டிருக்கிறேன், ஒளிந்துகொள்கிறது ஒளிந்துகொள்ளட்டும்.

3 நவம்பர்

எண்ணூர்ப் பக்கம் பறவை எடுக்கப் போகலாமா என்று கேட்ட நண்பருக்கு: போகலாம். கழிமுகத்தில் அலையாத்தி இன்னும் இருக்கு, கொக்கும் நாரையும் இருக்கு. பூநாரை வேண்டும் என்றால் பழவேற்காடு வரை போய்விடுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லணும். போன வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அங்கே போனேன். தண்ணீரில் எண்ணெய் மிதந்த நாட்கள் அவை. பழுப்பாக ஒரு பெரிய பறவை படகோரம் நின்றிருந்தது. இதுவரை பார்த்திராத இனம். நாற்பது படம் எடுத்து, "இது என்ன பறவை?" என்று இங்கே கேட்டேன். பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது கூழைக்கடா. எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடா. வெள்ளைப் பறவையை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்த இழையின் முதல் கேள்வியில் "புகையில போயே போச்சா" என்று இருக்கிறதே, அதற்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. போகவில்லை. ஆனால் என் பின்கட்டுக்கு வருவது எல்லாம் முரட்டுச் சாதி. எருக்கு, வெந்தய வரியன், ஓணான், தவிட்டுக்குருவி. என்ன வரவில்லை என்பதற்குப் படம் கிடையாதே.

16 நவம்பர்

அந்த 50 எம்எம் லென்ஸில் பூஞ்சை. உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருக்கிறது. தப்பு என்னுடையது. மழை மாதத்தில் தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் போட்டேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடற்கரையோரம் கேட்கவே வேண்டாம். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அதுதான் வழி. நிறம் மாறினால் சட்டியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம், சமையல் சட்டியில் வேண்டாம். அரிசிப் பானையில் புதைத்து வை என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

பூஞ்சையும் வட சென்னைக் காட்டுயிர்தானே என்று மாதவரத்துக்காரர். சிரிக்கிறேன் சார், சிரிக்கிறேன்.

17 நவம்பர்

வாசகி ஒருவர் கேட்டது: பெரிய பட்டாம்பூச்சிகள் பூவே இல்லாத காய்ந்த செடியில் மொய்ப்பது ஏன்? அது தேள்கொடுக்காக இருக்கும், இல்லை கிலுகிலுப்பை. நீலப் புலி, கருப்பன், வெந்தய வரியன் இனத்து ஆண்கள் காய்ந்த தண்டிலும் கிழிந்த இலையிலும் இருக்கிற ஒருவகைக் கசப்பை உறிஞ்சும். அதை வைத்துத்தான் பெண்ணைக் கவர்கிற வாசனையைச் செய்துகொள்ளும். அத்தர் கடை மாதிரி. அந்த நேரத்தில் பக்கத்தில் போய் நின்றாலும் பறக்காது. ஒரு கட்டுத் தேள்கொடுக்கைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு நானும் எடுத்திருக்கிறேன். அது தூண்டிலா என்றால் தூண்டில்தான். செடியே பின்கட்டில் நின்று காய்ந்தால் அந்தக் கேள்வி வராது. விதை தூவியிருக்கிறேன்.

8 டிசம்பர்

கேள்வி கேட்ட கொருக்குப்பேட்டைத் தம்பி ஐந்து மாசம் கழித்து வந்திருக்கிறான். ரயில் பாதையோரம் எருக்கைப் பிடுங்கி வந்து வைத்தானாம், பட்டுப்போச்சாம். எருக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும் தம்பி, பிடுங்கினால் பிழைக்காது. காய் வெடிக்கும்போது பஞ்சோடு பறக்கிற விதைதான் வழி. ஆனால் அதற்குள் மதில் ஓரம் தானாகவே ஒன்று முளைத்துவிட்டதாம். மருந்தை நிறுத்திய தோட்டத்தில் இட்லிப்பூ இலை எல்லாம் ஓட்டையாம், அவங்க அம்மா திட்டுகிறாராம்.

லென்ஸ் வாங்கவில்லை. மொபைலில் எடுத்து மூணு படம் போட்டிருக்கிறான். முதல் படம் ஆட்டம் கண்டிருக்கு. இரண்டாவதில் பின்னால் காயப்போட்ட நீலப் புடவை தெரிகிறது, அதை வெட்டாதே, பச்சை இலைக்கு அந்த நீலம் நன்றாக இருக்கு. மூணாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து மூணாவது இலை, அடிப்பக்கம், நரம்புக்கு இடதுபுறம் வெள்ளையாக ஒரு பொட்டு. பாலா, முட்டையா? தொடாமல் குனிந்து பார். வரி வரியாக இருந்தால் முட்டை. கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடு.